கடல் நீரும் கிணற்று நீரும்

மழை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கேட்டால், கடல், முகில், மலை, ஆறு என நான்கையும் வரைந்து அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டுகிறோம். நீர்ச்சுழற்சிப் பாடம் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

நேயர்களே, இந்தச் சித்திரம் தமிழுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், முகில் முகந்த நீர் மலையிற் பொழிவதையும், அந்நீர் கடலிற் பரவுவதையும் பட்டினப்பாலையிலே உவமையாக்குகிறார். எதற்கு உவமை? கடலிலிருந்து கரைக்கு இறங்கும் பண்டங்களுக்கும், கரையிலிருந்து கடலுக்கு ஏறும் பண்டங்களுக்கும். திருப்பாவையின் நான்காம் பாசுரத்திலோ ஆண்டாள், மழைக்கு அதிபதியைக் கடலுட் புகுந்து நீரை முகந்து மேலேறும்படி வேண்டுகிறார். வள்ளுவர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். கொண்டதை முகில் திருப்பிக் கொடாவிட்டால் பெருங்கடலும் தன் இயல்பிற் குன்றும் என்பது வான்சிறப்பிலுள்ள 17ஆம் குறளின் கருத்து. நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும், மணி முதலியன படாமையுமே அக்குன்றுதல் என்பது பரிமேலழகர் உரை.

இவற்றைச் சொல்லும்போது பிள்ளைக்கு ஓர் ஐயம் எழும். கடல்நீர் உப்பாக இருக்க, மழைநீர் ஏன் உப்பாக இல்லை? விடை உப்பளத்திலே இருக்கிறது. வெயில் நீரை மட்டுமே ஆவியாக்குகிறது. உப்போ பாத்தியிலே தங்கிவிடுகிறது. முகில் நீரை முகக்கிறது என்பது கவிஞர் கண்ட காட்சி. அது நிகழும் விதத்தை ஆசிரியர் இவ்விடத்தில் விளக்கிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இன்னுமோர் இடர். அங்கே மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடும். வடகீழ்ப் பருவமழை மண்ணில் ஊறி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தேங்குகிறது. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆதலால் நிலத்தின் கீழே அது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. இயந்திரம் பூட்டி அளவின்றி இறைத்தால், அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணறு கெட்டுவிடும்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு மலை இருந்த இடத்திலே ஒரு கிணற்றை வரைந்து காட்டுவோம். மாரியிலும் கோடையிலும், பெரியவர் ஒருவரின் துணையுடன், கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்து குறிக்கச் செய்வோம். இரண்டு அளவுகளையும் ஒப்பிடும் பிள்ளைக்கு, கிணற்று நீர்மட்டம் மாரிக்கும் கோடைக்கும் இடையே எவ்வளவு மாறுகிறது என்பது தானே விளங்கும். வள்ளுவர் கடலுக்குச் சொன்னது கிணற்றுக்கும் பொருந்தும். வளவில் விழும் மழைநீரை வீதிக்கு ஓடவிடாது நிலத்திலே ஊறவிடுவதுதான், கிணற்றுக்கு நாம் திருப்பிக் கொடுப்பது.