விதையின் மறைவான மூப்பும் அதைக் காணும் முறையும்

உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிப் பாசனக் கிராமம் ஒன்றில், குடியானவர் ஒருவர் தாம் சேமித்து வைத்திருந்த வேர்க்கடலை விதையை இக்கட்டுரையாளனிடம் காட்டினார். பருப்பு திரட்சியாகவும் நிறம் மங்காமலும் இருந்தது. வண்டும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. ஆயினும் நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்ததில் பாதிகூட முளைக்கவில்லை. "பார்வைக்கு ஒரு குறையும் இல்லையே, ஐயா!" என்று அவர் வருந்தியது நியாயமே. அக்குறை கண்ணுக்கெட்டாத இடத்தில் நேர்ந்திருந்தது. அதனை இக்காலத்து விஞ்ஞானிகள் எவ்விதம் கண்டறிகின்றனர் என்பதைத் தெரிந்துகொண்டால், விதையைப் பாதுகாக்கும் வழியும் விளங்கும்.

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலை விதிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். விதையின் ஒவ்வொரு உயிரணுவிலும் அத்தகைய சாசனம் ஒன்று உண்டு. அதன் பெயர் டி.என்.ஏ. வேர் எப்படி விடவேண்டும், இலை எப்படி விரியவேண்டும் என்பதெல்லாம் அதில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றன. வேலை நடக்கும் இடத்துக்கு அச்சாசனத்திலிருந்து எடுத்தனுப்பப்படும் நகலே ஆர்.என்.ஏ. அசலாகிய டி.என்.ஏ. இரட்டைப் புரியாகச் சுருண்டு பத்திரமாக இருப்பது. நகலோ பெரும்பாலும் ஒற்றைப் புரியாதலால் எளிதில் கெடும்.

கல்லெழுத்தை மழையும் வெயிலும் அரிப்பதுபோல இவ்வெழுத்துக்களை அரிப்பது பிராணவாயுவே. விதை முளைத்து வளரப் பிராணவாயு வேண்டும். எனினும் அதிலிருந்து உண்டாகும் சில உக்கிரமான துணைப்பொருள்கள், எண்ணெயைக் காறச் செய்வதுபோல, விதையின் உட்பொருள்களையும் கெடுக்கின்றன. நான்கு எழுத்துக்களில் குவானின் என்பதே முதலில் பழுதாகும். பழுதுற்ற குவானினுக்கு 8-ஆக்ஸோகுவானின் என்று பெயர். டி.என்.ஏ.யில் இம்மாறுதல் நேர்வதை 1984-ஆம் ஆண்டில் ஜப்பானியரான கசாய், நிஷிமுரா என்னும் இருவர் தெரிவித்தனர். நல்ல குவானின் சைட்டோசினோடு ஜோடி சேரும். பழுதுற்றதோ அடினினோடும் சேர்ந்துவிடும். அடங்கலில் ஓர் எண் அழிந்து வேறோர் எண்ணாக வாசிக்கப்பட்டால் விளையும் குழப்பத்தைக் கிராம அதிகாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஈரமுள்ள செடியில் இப்பழுதுகள் உடனுக்குடன் செப்பனிடப்படும். உலர்ந்த விதையில் தண்ணீர் இன்மையால் செப்பனிடும் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பழுது மட்டும் மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகும். விதைத்தபின் நீரை உறிஞ்சியவுடன் விதை செய்யும் முதற்காரியங்களுள் ஒன்று இப்பழுதுபார்த்தலே. பழுது அளவு மீறியிருந்தால் முளை வராது. ரை என்னும் தானியத்தில் முளைப்புத்திறன் குன்றும்போது கருவின் டி.என்.ஏ.யில் சேதம் காணப்படுவதை 1978-லேயே சேயா, ஆஸ்போர்ன் என்போர் எடுத்துக்காட்டினர்.

இனி, கண்டறியும் முறை. கோமாரிக்கு ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தில் அந்நோய்க் கிருமியையே தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உண்டாவதை அறிவோம். அதே தந்திரம் இங்கும் பயன்படுகிறது. 8-ஆக்ஸோகுவானின் மிகச் சிறிய பொருளாகையால் உடல் அதனைத் தனியே கண்டுகொள்ளாது. ஆகவே அதனை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்து எலி முதலிய பிராணிகளுக்குச் செலுத்தி, அதனைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பெறுகின்றனர். அதனுடன் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, மெல்லியதாகச் சீவிய விதைத் துண்டின்மேல் விட்டுக் கழுவினால், பழுதுள்ள இடத்தில் மட்டும் சாயம் தங்கிப் பூதக்கண்ணாடியின்கீழ் மின்னும்.

பழுது அசலிலா, நகலிலா? எதிர்ப்பொருள் இரண்டிலும் ஒட்டுமாதலால் இக்கேள்வி எழுகிறது. இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஆர்.என்.ஏ.யை மட்டும் கரைக்கும் நொதியை முதலில் இட்டுப் பார்ப்பர். மினுமினுப்பு மறைந்தால் பழுது நகலில் இருந்தது, எஞ்சினால் அசலில் உள்ளது. இம்முறையிலும் ஏமாற்றம் உண்டு. நல்ல குவானின் பல்லாயிரம் மடங்கு மிகுதியாதலால் எதிர்ப்பொருள் சிறிதளவு அதன்மேலும் ஒட்டக்கூடும். பிரித்தெடுக்கும்போதே காற்றுப்பட்டுப் புதுப் பழுது உண்டாவதும் உண்டு. ஆகையால் வேறு கருவியாலும் சரிபார்த்த பின்னரே முடிவு கூறவேண்டும். பழுதெல்லாம் கேடு என்றும் எண்ணலாகாது. சூரியகாந்தி விதையின் உறக்கம் கலைவதில் சில ஆர்.என்.ஏ. நகல்கள் இவ்விதம் பழுதுறுவதற்குப் பங்குண்டு என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

விதைச் சான்றுக்கு இப்பரீட்சை தேவைப்படுவதில்லை. ஈரம், சுத்தம், முளைப்பு ஆகியவையே பார்க்கப்படும். ஆனால் விதைக்கு ஈரமும் உஷ்ணமும் ஆகாதென்று பெரியோர் சொல்லிவந்ததன் காரணம் இதனால் விளங்குகிறது. ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். உஷ்ணம் 5 டிகிரி குறைந்தாலும் அவ்வாறே. தையில் அறுத்த சம்பா நெல் அக்கினி நட்சத்திரத்தைக் கடந்தே ஆடி, ஆவணி விதைப்புக்கு வரவேண்டும் என்பதை நினைவிற் கொள்க. நெல்லை ஈரம் 13 பங்குக்கும், வேர்க்கடலையை 9 பங்குக்கும் மேற்படாமல் உலர்த்துக. உச்சிவெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்ப வேண்டாம். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகைமேல் அடுக்குக.

வேர்க்கடலையில் எண்ணெய் மிகுதி. அதன் ஓடே அதற்குக் காவல். மேற்சொன்ன குடியானவர் ஆட்கூலி மலிவாயிருந்த சமயத்தில் முன்கூட்டியே உடைத்துப் பருப்பாகச் சாக்கில் கட்டி, கோடை முழுவதும் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார் என்பது பின்னர் விசாரித்ததில் தெரிந்தது. காயாகவே வைத்து, விதைப்பதற்குச் சில நாட்களுக்கு முன் உடைப்பதே முறை.

நெல்லை நடுச்சேமிப்பில் சிறிது நேரம் நனைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி வைக்கும் வழக்கமும் உண்டு. அந்த அற்ப ஈரத்தில் விதை தன் பழுதைச் சிறிது செப்பனிட்டுக்கொள்கிறது. நடுத்தர விதைக்கு இது உதவும், செத்த விதைக்கு உதவாது. வேர்க்கடலைப் பருப்பை இப்படி நனைத்தால் தோல் கழன்று பிளந்துவிடும்.

விதைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்து, நூறு விதைகளை ஈரச் சாக்கில் வைக்கவும். நெல்லை 14 நாளும், வேர்க்கடலையை 10 நாளும் பார்த்து எண்ணவும். நெல்லில் 80-க்கும், வேர்க்கடலையில் 70-க்கும் குறைந்தால், வேறு விதை தேட அப்பொழுது இன்னும் அவகாசம் இருக்கும்.