இலை தின்னும் கூன்வண்டு

வெலிமடைச் சரிவுகளிலே மரக்கறிப் பாத்திகளின் ஓரத்திலும், தோட்ட லயன்களின் வாசலிலும், பேரி, பீச்சஸ், தோடை ஆகியவற்றின் ஒட்டுக்கன்றுகளை நட்டு வளர்ப்போர் பலர். ஒட்டுக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். அதற்குள் புதுத் தளிர்கள் அரிபட்டு, நடுநரம்பு மாத்திரம் எஞ்சி நிற்பின், நட்டவர் மனம் வாடுதல் இயல்பே.

உடனே கம்பளிப்புழுவின்மீது பழி போடுவது வழக்கம். புழுவாயின் அதன் எச்சம் இலையிலே கிடக்கும். எச்சமின்றி, இலையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒழுங்கற்ற பிறைகளாக அரிக்கப்பட்டிருப்பின், கூன்வண்டையே முதலில் ஐயுறல் வேண்டும்.

இவ்வினத்தில் ஒன்று நமது நாட்டின் பெயரையே தாங்கி உலகில் உலவுகின்றது. 1916ஆம் ஆண்டில் மார்ஷல் என்னும் அறிஞர் இதனை நூன்முறையில் விவரித்தார். ஆறு முதல் எட்டரை மில்லிமீற்றர் நீளமும், வெண்சாம்பல் உடலிற் கரும்புள்ளிகளும் உடையது. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்குள்ள நீண்ட மூக்கு இதற்கில்லை; குறுகி அகன்ற மூக்கேயாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவிலே தோடை இனச் செடியொன்றில் இது காணப்பட்டது. இன்று அங்கே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாவர வகைகளை உண்ணும் இவ்வண்டை ‘இலங்கைக் கூன்வண்டு’ என்றே அழைக்கின்றனர். பெருமைப்படத்தக்க ஏற்றுமதியன்று!

இலையிலே தெரிவது சேதத்தின் ஒரு பாதிதான். பெண்வண்டு இருபத்துநான்கு நாள்களில் முந்நூற்றறுபது முட்டைகள் வரை இடக்கூடும். மூன்று முதல் ஐந்து நாள்களிற் பொரிக்கும் காலற்ற வெண்புழுக்கள் மண்ணுட் புகுந்து, ஒன்றிரண்டு மாதம் வேரை உண்டு, அங்கேயே கூட்டுப்புழுவாகி, பின்னர் வண்டாக வெளிவரும். முதிர்ந்த மரம் இதனைத் தாங்கும். இளங்கன்றின் வேரோ தாங்காது. இலைமீது தெளிக்கும் மருந்து மண்ணிலிருக்கும் புழுவை எட்டுவதில்லையாதலால், மருந்தை மாத்திரம் நம்பியிருத்தல் வீண் செலவாகும்.

இவ்வண்டிடம் ஒரு வினோதப் பழக்கமுண்டு. கிளை அசைந்தால் கால்களை மடக்கி, செத்தது போலக் கீழே விழுந்துவிடும். குளிரில் அது மந்தமாயிருக்கும் காலை வேளையில், குடையொன்றைத் தலைகீழாக விரித்துக் கிளையின்கீழ் பிடித்து உலுக்கினால், வண்டுகள் குடையினுள்ளே வீழும். அவற்றைச் சவர்க்கார நீரிற் கொட்டிவிடலாம். தளிர்விடும் பருவத்தில் இதனை விடாது செய்தல் நன்று. அடிமண்ணை மேலாகக் கிளறிவிட்டால், வெளிப்படும் புழுக்களைப் பறவைகளும் எறும்புகளும் கொண்டுபோகும். ஆழக் கொத்தினால் ஒட்டுக்கன்றின் வேரே அறுந்துவிடும். வேலியிலே செவ்வரத்தை நிற்குமாயின் அதனையும் உலுக்கிப் பார்த்தல் வேண்டும். அதன் தளிரும் இவ்வண்டுக்கு மிகப் பிடித்தமான உணவு.