வளரும் பட்டியலும் பழைய முகவரியும்

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி, பைத்தானின் மேல் இயங்குகிறது. எழிலில் ஒரு பட்டியலில் உறுப்புகளைச் சேர்க்கும்போது இடம் ஒதுக்குவது பைத்தான்தான். இன்றைய பைத்தான் ஒவ்வோர் உறுப்பாகச் சேரும் பட்டியலுக்கு முதலில் 4 இடங்களைத் தரும். அவை நிறைந்ததும் 8, பிறகு 16, 24, 32, 40, 52 என விரிக்கும். பக்கத்தில் இடம் இல்லையெனில் பட்டியலின் உறுப்பு வரிசை முழுவதும் வேறிடத்துக்கு நகரும். பழைய இடம் விடுவிக்கப்படும்.

வேண்டாத நினைவகத்தைத் தானே மீட்கும் ‘குப்பை சேகரிப்பு’ முறையை ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்ப் மொழிக்காக விவரித்தார். இதனால் நிரலாளருக்குப் பெரும் சுமை குறைந்தது. ஆனால் பைத்தான், ரூபி ஆகிய இரு மொழிகளின் அடித்தளமும் சி மொழியில் எழுதப்பட்டது. முகவரிகளை நேரடியாகக் கையாளும் அந்த வரிகளில்தான் நினைவகம் சிதைகிறது.

சிதைவு பெரும்பாலும் மூன்று வழிகளில் நேரும். பட்டியல் நகர்ந்த பிறகும் நிரல் பழைய முகவரியில் எழுதலாம். புதிய பொருள் ஒன்றைக் குப்பை சேகரிப்பானின் கண்ணில் படும்படி வைக்கும் முன்பே பட்டியலை விரித்தால், இடம் தேடும் சேகரிப்பான் அந்தப் பொருளையே மீட்டுவிடலாம். புதிய இடங்களை நிரப்பும் முன் பட்டியலின் நீளத்தை உயர்த்தினால், சேகரிப்பான் அங்கே கிடக்கும் பழைய எண்களை முகவரிகள் என்று நம்பிவிடும்.

தோட்டத்து லயன் வீட்டைவிட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிபோனவருக்குப் பழைய விலாசத்தில் எழுதும் கடிதம், அங்கே புதிதாக வந்த குடும்பத்தின் கையில் சேரும். விடுவித்த நினைவகமும் அப்படியே வேறொரு பொருளுக்குப் போய்விடுகிறது. அதனால் தவறு ஓரிடத்தில் நடக்க, நிரல் வெகுநேரம் கழித்துத் தொடர்பில்லாத இடத்தில் முறிகிறது. முறிந்த வரியை மட்டும் ஆராய்ந்தால் காரணம் அகப்படாது.

ஆகவே, தவறு நடக்கும் கணத்திலேயே அதை வெளிப்படச் செய்ய வேண்டும். ரூபியின் ‘ஜிசி ஸ்ட்ரெஸ்’ வசதி, நினைவகம் ஒதுக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் சேகரிப்பானை ஓடவிடும். எப்போதோ தலைகாட்டும் பிழை உடனே வெளிப்படும். பைத்தானின் சோதனை நிலை, விடுவித்த பைட்டுகளில் 221 என்ற எண்ணை நிரப்பும். முறிவில் அந்த எண் தொடர்ந்து தெரிந்தால் பழைய முகவரி பயன்பட்டிருக்கிறது என்று அறியலாம். கூகுள் உருவாக்கிய அட்ரஸ் சானிட்டைசர், நினைவகம் ஒதுக்கிய இடம், விடுவித்த இடம், தவறாகத் தொட்ட இடம் மூன்றையும் காட்டும். 512 பைட்டுக்கு உட்பட்ட துண்டுகளைப் பைத்தான் தன் சொந்தக் கிடங்கிலிருந்து தருவதால், இந்தச் சோதனைக்கு முன் அந்தக் கிடங்கை அணைத்துவிடுவது அவசியம்.

திருத்தம் எளியது. பட்டியல் விரிந்த பின் முகவரியைப் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். அல்லது முகவரிக்குப் பதில் உறுப்பின் வரிசை எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிய பொருளைச் சேகரிப்பான் அறியும்படி பதிந்த பிறகே அடுத்த ஒதுக்கீடு நடக்க வேண்டும். புதிய இடங்களை நிரப்பிய பிறகே நீளத்தை உயர்த்த வேண்டும். திருத்திய நிரலை அதே கடுமையான சோதனை நிலையில் மீண்டும் ஓட்டி, பிழை தலைகாட்டவில்லை என்று உறுதி செய்வது கடைசிப் படி.