அலுமினிய ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? பிரஷ்ஷை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

உங்க வீட்டு அலுமினிய ஜன்னல் ஃபிரேமை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்க. வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுதா? திருவாரூர்ப் பக்கம் பழைய ஜன்னல்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். நாகப்பட்டினம் கடல் சுமார் 25 கிலோமீட்டர் தூரம்தான். முத்துப்பேட்டைக்காரங்களுக்குக் கடல் இன்னும் பக்கம். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்து செய்யும் வேலை இது.

'ஒரு டப்பா எனாமல் வாங்கி அடிச்சா முடிஞ்சது' என்றுதான் தோன்றும். ஆனால், அப்படி அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே தோல் தோலாக உரிந்து வரும். பணமும் போச்சு, லீவுக்கு ஊருக்கு வந்த நாலு நாளும் போச்சு!

ஏன் ஒட்டுவதில்லை?

அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. காற்றுப்பட்டதும் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உலோகத்தைக் காப்பாற்றுவது இந்தப் படலம்தான். பெயின்ட்டை ஒட்டவிடாததும் இதுதான். உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும்போதுதான் சின்னச் சின்ன குழிகளும் வெள்ளை மாவும் வருகின்றன.

செய்ய வேண்டியது என்ன?

1. கழுவுங்க: பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரே போதும். பாத்ரூம் ஆசிட், சோடா வேண்டவே வேண்டாம். இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, முழுசாகக் காயவிடுங்க.

2. தேயுங்க: 220 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 320-ல் முடியுங்க. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. பளபளப்பு போய் மங்கலானால் சரி. உரியும் பழைய பெயின்ட்டை முழுசாகச் சுரண்டி எடுத்துடுங்க.

3. துடைங்க: தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. ஜன்னல் திறந்திருக்கட்டும்; பக்கத்தில் அடுப்பு, சிகரெட் கூடாது. பவுடர் கோட்டிங் ஃபிரேம் என்றால் தின்னரைத் தவிர்த்து, சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்குங்க.

4. பிரைமர் அடிங்க: பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். ரெட் ஆக்சைடு இரும்புக்கானது. கடையில் 'அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர்' என்று கேட்டு வாங்குங்க. தேய்த்த அன்றைக்கே மெல்லிசாக அடிச்சுடுங்க. தள்ளிப்போட்டால் ஆக்சைடும் தூசியும் மறுபடி சேர்ந்துடும்.

5. பெயின்ட்: மெல்லிசாக இரண்டு கோட். இடைவெளி எவ்வளவு என்று டப்பாவிலேயே இருக்கும். கண்ணாடி, ரப்பர் பீடிங் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. கதவு ஓடும் டிராக்கில் அடிக்காதீங்க, சிக்கிக்கும்.

எப்போ செய்யலாம்?

தை, மாசியில் காலைப் பனி, சம்பா அறுவடைத் தூசி. சித்திரை மதியத்தில் ஃபிரேமைத் தொடவே முடியாது. பெயின்ட் சரியாகப் பரவுவதற்குள் காய்ந்துவிடும். பங்குனியில் வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரம் நல்ல நேரம்.

இன்னும் இரண்டு விஷயம். இரும்பு ஸ்க்ரூ இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்துங்க. ஈரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் சீக்கிரம் அரிக்கும். பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கும்போது ஃபிரேமை மூடி வைங்க. தெறித்தால் கறை போகாது.

ஒரு ஜன்னலுக்கு அரை நாள் தேய்க்கவே போய்விடும். கை வலிக்கும்தான். ஆனா, அடுத்த கார்த்திகை மழையில் பக்கத்து வீட்டுப் பெயின்ட் உரியும்போது, உங்களுது அப்படியே இருக்கும்!