சதுர அடி ரேட்டை நம்பி வீடு கட்ட இறங்கலாமா? என் வீட்டுக் கணக்கு

சேனல்ல வீட்டுக்கடன் பத்தி நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கடனுக்கு முன்னாடி வர வேண்டிய விஷயம்: வீடு கட்ட நிஜமா எவ்வளவு ஆகும்? உதாரணத்துக்கு வேற எங்கேயும் போக வேண்டாம், கூடுவாஞ்சேரி பக்கம் நான் கட்டின வீட்டையே எடுத்துக்கலாம்.

மனை ஏற்கெனவே அப்பா வாங்கிப் போட்டது. 1,000 சதுர அடி வீடு, கான்ட்ராக்டர் சொன்ன ரேட் சதுர அடிக்கு 2,300 ரூபாய். ஆக 23 லட்சம். பேங்க்ல 20 லட்சம் லோன், கையில 6 லட்சம் சேமிப்பு. 3 லட்சம் மிச்சமே இருக்குன்னு தெம்பா பூமி பூஜை போட்டேன்.

முடிஞ்சப்போ வந்த தொகை 33.86 லட்சம்.

கான்ட்ராக்டர் ஏமாத்திட்டாரான்னு கேட்டா, இல்லை. அவர் கொடுத்த பேப்பர்லயே எல்லாம் இருந்துச்சு. படிக்காதது நான். முதல் அடி அளவுல விழுந்தது. நான் நினைச்ச 1,000 சதுர அடி வீட்டுக்குள்ள இருக்கிற இடம். அவர் அளந்ததுல மாடிப்படி ஹெட்ரூமும் போர்டிகோவும் சேர்ந்து இன்னும் 120 சதுர அடி. அதுக்கும் அதே 2,300தான். 2.76 லட்சம் அங்கேயே போச்சு.

அடுத்தது, ரேட்டுக்கு வெளியே இருந்தவை. போர் போட 1.1 லட்சம். சம்ப், செப்டிக் டேங்க் ரெண்டுக்கும் 1.6 லட்சம். காம்பவுண்ட் சுவர், கேட் 2.4 லட்சம். பிளான் அப்ரூவல், இபி கனெக்‌ஷன் வகையில 90 ஆயிரம். கிச்சன், கப்போர்டு வேலை 2.1 லட்சம். மொத்தம் 8.1 லட்சம். இதுல ஆடம்பரம்னு ஒண்ணைக் காட்டுங்க பார்ப்போம். செப்டிக் டேங்க் இல்லாம யார் குடியிருக்க முடியும்? ஆனா 'வீடு கட்ட 23 லட்சம்'னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சப்போ இது எதுவும் என் மண்டையில இல்லை.

அப்ரூவல் பத்தி ஒரு வார்த்தை. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். அலைச்சல் குறையும், கட்டணம் கட்டத்தான் வேணும்.

ஜிஎஸ்டியையும் முதல் நாளே கேட்டுடுங்க. பொருளோட சேர்த்துக் கட்டித் தரும் கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்னா 18% வரி. 23 லட்சத்துக்கு அது 4.14 லட்சம்! பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, தனி வீட்டை வெறும் லேபர் கான்ட்ராக்ட்ல கட்டினா அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனா சிமென்ட் மூட்டையை எண்ணவும், எம்-சாண்ட் லோடு சரியா வந்துச்சான்னு பார்க்கவும் சைட்ல வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கணும். திங்கள் முதல் வெள்ளி வரை ஷிப்ட்ல இருக்கிற நமக்கு அது லேசான காரியம் இல்லை.

இப்போ என்னை நிஜமா தூங்க விடாத விஷயத்துக்கு வர்றேன். லோன் சாங்ஷன் ஆனா 20 லட்சமும் அக்கவுண்ட்ல வந்து விழாது. கடைக்கால், லிண்டல், ரூஃப்னு ஒவ்வொரு கட்டமா வேலை முடியணும், பேங்க் இன்ஜினீயர் வந்து பார்க்கணும், அப்புறம்தான் அடுத்த செக். கான்ட்ராக்டருக்கோ வேலை ஆரம்பிக்கும்போதே அட்வான்ஸ் வேணும். ரூஃப் கம்பி கட்டி ரெடியா நிக்குது, பேங்க் பணம் வர இன்னும் 12 நாள், கொத்தனாருங்க வேற சைட்டுக்குப் போயிடுவாங்கன்னு போன் வருது. அந்த வாரம்தான் அம்மா தன்னோட வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. கடைசியில விழுந்த கிட்டத்தட்ட 8 லட்சம் துண்டுல பாதி பர்சனல் லோன், பாதி அம்மாவோட நகை அடகு.

இதைத் தவிர்த்திருக்கலாம். கான்ட்ராக்டர்கிட்ட அக்ரிமென்ட் போடும் முன்னாடி, பேங்க் எந்தெந்தக் கட்டத்துல எவ்வளவு தரும்னு எழுதி வாங்கி, அதே வரிசைல பேமென்ட் ஷெட்யூல் போடச் சொல்லியிருக்கணும். அப்படியும் ஒரு கட்டத்துக்கான பணம் நம்ம கையில் எப்பவும் இருக்கணும். எமர்ஜென்சி ஃபண்டை இதுக்கு எடுக்காதீங்க, அது வேலை போனா சோறு போடற பணம்.

வாடகை கணக்கும் இருக்கு. 7 மாசத்துல முடியும்னாங்க, ஐப்பசி மழை நடுவுல வந்து 11 மாசம் ஆச்சு. பணம் முழுசா எடுத்த பிறகு 8.5% வட்டிக்கு ப்ரீ-இஎம்ஐ மாசம் 14,167 ரூபாய். குடியிருந்த வீட்டு வாடகை 14,000. அந்த நாலு மாசத் தாமதத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல காலி. இது மேலே சொன்ன 33.86 லட்சத்துல சேரவே இல்லை.

'டேக்ஸ்ல திரும்ப வந்துடும்'னு ஆபீஸ்ல யாராவது சொல்லுவாங்க. புது வரி முறைல இருந்தா, நாம குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறைல வருஷத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. கட்டும்போது கட்டின வட்டியை, வீடு முடிஞ்ச வருஷத்துலேர்ந்து 5 சம தவணையா அந்த 2 லட்சத்துக்குள்ளேயே காட்டலாம். சம்பளத்துக்கு எந்த முறை லாபம்னு பார்த்துட்டு அப்புறம் இந்தப் பணத்தைக் கணக்குல எடுங்க.

கொட்டேஷன் கையில வந்ததும் ரேட்டைப் பார்க்காதீங்க, எது எது சேரலைன்னு கேட்டு அதே பேப்பர்ல எழுதி வாங்குங்க. டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, பேஸ்மென்ட் எத்தனை அடி உயரம், உள்ளே நிரப்புற மண் யார் செலவு? நாளைக்கு ரோடு போட்டு உயர்த்தினா மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும், அதனால உயரத்துல மிச்சம் பிடிக்காதீங்க. இதெல்லாம் சேர்த்து வர்ற மொத்தத்துக்கு மேல இன்னும் 15% வெச்சுக்கோங்க. அது கைக்கு எட்டலைன்னா 1,000 சதுர அடியை 800 ஆக்குங்க. பிளான் பேப்பர்ல இருக்கும்போது ஒரு ரூமைக் குறைக்க ரப்பர் போதும்.

அம்மா நகையை போன மாசம்தான் மீட்டேன். மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி போடலை. மார்ச் போனஸ் அதுக்குத்தான்.