பிப்பெராட்: பிரான்ஸ் விவசாயி வீட்டு முட்டைப் பொடிமாஸ்!

தெள்ளார் பக்கத்து மக்களுக்கு பிரெஞ்சுக்காரர்கள் என்றால் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். ஒன்று, புதுச்சேரி. இன்னொன்று, 1760-ம் ஆண்டு ஜனவரியில் அவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்ற வந்தவாசி. அந்த நாட்டு விவசாயி வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்தால், நம் வீட்டு முட்டைப் பொடிமாஸுக்கு ஒரு பங்காளி கிடைக்கிறது.

பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மலைப்பகுதி பாஸ்க். இங்கு தனி மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் பாரம்பர்ய உணவுதான் பிப்பெராட். ‘பிப்பெர்’ என்றால் பாஸ்க் மொழியில் மிளகாய். வெங்காயம், பச்சை மிளகாய் வகை, தக்காளி மூன்றையும் நன்றாக வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுவார்கள். பக்கத்தில் பயோன் ஊரின் உப்புக்கண்டப் பன்றி இறைச்சியை வைத்துக்கொள்வதும் உண்டு. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, நமக்கும் அப்படித்தான்.

மிளகாய்க்குக் கிடைத்த மரியாதை

இந்த உணவுக்கு மணம் கொடுப்பது, எஸ்ப்பெலெட் என்ற கிராமத்தின் பெயரில் விற்கும் மிளகாய்த்தூள். காரம் குறைவு, மணம் அதிகம். பழத்தைக் கையால் பறித்து, சரமாகக் கோத்து, வீட்டுச் சுவரில் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். இந்த மிளகாய்க்கு 2000-ம் ஆண்டு அரசின் ஊர்ப்பெயர் பாதுகாப்பு கிடைத்தது. எஸ்ப்பெலெட்டும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுமாகப் பத்து ஊர்களில் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். விதை, பறிப்பு, உலர்த்தல் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வேறு ஊர் மிளகாயை அந்தப் பெயரில் கலந்து விற்க முடியாது. சாதாரண மிளகாய்த்தூளைவிடப் பல மடங்கு விலைக்குப் போவதற்கு இதுவே காரணம்.

நம்மிடமும் வழி இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்தது. ஆனால், குறியீடு மட்டும் விலை தராது. விதையைக் காத்து, கலப்படமில்லாமல், சேர்ந்து விற்றால்தான் பலன் விவசாயி கைக்கு வரும்.

நம் வீட்டில் செய்ய...

நான்கு பேருக்கு: நாட்டுக்கோழி முட்டை 6, பெரிய வெங்காயம் 2, நன்கு பழுத்த தக்காளி 4, குடைமிளகாய் அல்லது பஜ்ஜி மிளகாய் 3, பூண்டு 4 பல், செக்குக் கடலை எண்ணெய் 3 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு தேவைக்கு.

எண்ணெயில் வெங்காயம், மிளகாய், பூண்டை மிதமான தீயில் 10 நிமிடம் வதக்கவும். தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, தண்ணீர் சுண்டி தொக்குபோல வரும்வரை விடவும். இதில் அவசரப்பட்டால் முட்டை நீர்த்துப்போகும். பிறகு தீயைக் குறைத்து, அடித்த முட்டையை ஊற்றி மெதுவாகக் கிளறவும். நம் பொடிமாஸ்போல உதிரியாக விடாமல், குழைவாக இருக்கும்போதே இறக்குவது அவர்கள் வழக்கம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியோருக்கு மட்டும் முழுமையாக வேக வைத்துக் கொடுங்கள்.

தக்காளி விலை விழுந்து, பறிப்புக்கூலிக்கும் கட்டாத நாள்களில் இந்தத் தொக்கைச் செய்து வைத்தால் பழம் வீணாகாது. புறக்கடையில் நாலு கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டை முழுவதும் வியாபாரியின் கூடைக்கே போய்விடுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. விற்றது போக, வாரம் ஒரு நாளாவது பிள்ளைகள் தட்டுக்கும் வரட்டும்.

கேள்வி: நாட்டுக்கோழி முட்டையைக் கழுவி வைக்கலாமா?

வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையான மெல்லிய படலம் உண்டு. கழுவினால் அது போய், கிருமி உள்ளே நுழைய வழியாகும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, அகலமான முனை மேலே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சமைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்தபடி மூழ்கினால் புதியது, மிதந்தால் ஒதுக்கிவிடுங்கள்.