வாசல் வரை வந்த மருந்து

சித்திரை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலை எட்டரைக்கே வைகைத் தென்கரைச் சந்தில் நிற்க முடியவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய அகலம்தான். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் வரிசையாகப் பிளாஸ்டிக் டிரம்கள், தலைக்கு மேல் சிமெண்ட் சீட்டுக் கூரைகள். அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழ், கதவு நிலையில் சாய்ந்தபடி ஒரு மூதாட்டி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பத்தா, பேசாம இருங்க. பேசுனா பிரஷர் கூடக் காட்டும்.”

“நீ வர்றதே மாசத்துக்கு ஒருக்க. அன்னைக்கும் பேசக் கூடாதுன்னா எப்புடித் தாயி?”

கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர். தோள்பையில் ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி, மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. அளவைப் பார்த்தார், நோட்டில் குறித்தார், ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தார். பிறகு, “ஊசி மருந்தை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க” என்றார்.

அப்பத்தா உள்ளே கை காட்டினார். மூலையில் அகன்ற மண்பானை ஒன்று. அதற்குள் ஈர மணல், மணலில் பாதி புதைந்த சின்னச் சட்டி. சட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்சுலின் குப்பி. பானையின் வாயில் நனைத்த சாக்கு. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. வெப்பம் ஏறினால் இன்சுலினின் வீரியம் குறைந்துவிடும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா சொல்லித்தர, பேத்தி செய்து வைத்த ஏற்பாடு அது. ஒரு நாளைக்கு மூன்று தடவை மணலுக்குத் தண்ணீர் தெளிப்பதுதான் அப்பத்தாவுக்கு வேலை.

நான் குனிந்து பானையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நிமிர்ந்தபோது தலைக்கு ஒரு சாண் மேலே கூரை. அனல் முகத்தில் அடித்தது. மருந்துக்கு ஒரு குளிர்ந்த வீடு கிடைத்துவிட்டது. மருந்து போட்டுக்கொள்பவருக்கு அது கிடைக்கவில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இன்று தமிழ்நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு, இயன்முறைச் சிகிச்சை என்று பட்டியல் நீள்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. நான் இந்தத் திட்டத்தை மனதார மதிக்கிறேன். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்ற தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு, மருந்து வாசலுக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும். சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு இந்த வெயிலில் நடக்கும் அந்தப் பெண்களுக்கு நிரந்தரமான, கௌரவமான சம்பளம் கொடுத்தால் அது தர்மமல்ல, கடன் தீர்ப்பது.

ஆனால் அன்று அந்த நோட்டின் பக்கத்தில் நான் பார்த்தது, அழுத்தத்துக்கு ஒரு கட்டம், சர்க்கரைக்கு ஒரு கட்டம், மாத்திரைக்கு ஒரு கட்டம். கூரை என்ன கூரை, ஜன்னல் உண்டா, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று எழுத இடமில்லை. நகரத்தின் ஒவ்வொரு ஏழை வீட்டுக்குள்ளும் மாதந்தோறும் போய் வரும் ஒரே அரசுக் கண் அவருடையது. அந்தக் கண் பார்ப்பதில் பாதி எங்கும் பதிவாவதில்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையின் பல வார்டுகளில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், கோடையில் இன்னும் தள்ளிப்போகும். வரும் அன்று வீட்டிலுள்ள குடம், டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு ஓடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இந்த நல்ல தண்ணீரில்தான். முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்காலம் வந்தால் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் லைட்டோடு வருவார்கள். டிரம்முக்குள் ஒளியைப் பாய்ச்சினால் கமா போல வளைந்து நெளியும் புழுக்கள் தெரியும். ‘கொட்டுங்கம்மா’ என்பார்கள். ‘நாளைக்கு நீ தண்ணி விடுவியா?’ என்பது தெருவுக்குத் தெரு கிடைக்கும் பதில். இருவர் சொல்வதும் நியாயம். கொட்டச் சொல்பவரும் மாநகராட்சி, தண்ணீர் விட வேண்டியதும் மாநகராட்சி. ஒன்று சுகாதாரப் பிரிவு, மற்றொன்று பொறியியல் பிரிவு.

கொசுவைப் பற்றி அறிவதில் மதுரைக்குக் குறையே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1985-இல் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைச் சின்னச் சொக்கிகுளத்தில் அமைத்தது. மூளைக்காய்ச்சல், யானைக்கால், டெங்கு பரப்பும் கொசுக்களைப் பற்றி உலகம் படிக்கும் ஆய்வுகள் இந்த ஊரிலிருந்து போயிருக்கின்றன. அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, மூடியில்லாத டிரம் மீது பழைய சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். இறுக்கமான மூடி போட்ட ஒரு டிரம்மை ஏழை வீடுகளுக்குக் கொடுப்பது சுகாதாரச் செலவா, குடிநீர்ச் செலவா என்று எந்தக் கோப்பும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. மருந்து தெளிப்பதைவிட அது மலிவாகவே முடியும் என்பது என் கணிப்பு.

காசநோயும் இப்படித்தான். சிகிச்சை இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய மத்திய அரசு உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. நல்லது. ஜன்னலில்லாத ஒற்றை அறையில் ஐந்து பேர் தூங்கும்போது இருமல் யாரை விட்டுவைக்கும்? காற்றோட்டத்துக்கு மாத்திரை கிடையாது.

மதுரைக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915 வாக்கில் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியபோது மதுரைக்கும் வந்தார். நெருக்கடியான தெருக்களை மொத்தமாக இடித்து அகலச் சாலை போடுவதுதான் அன்றைய அதிகாரிகளின் வைத்தியம். கெடிஸ் அதை ஏற்கவில்லை. பாழடைந்து விழும் ஓரிரு வீடுகளை மட்டும் அகற்று, அந்த இடத்தில் ஒரு சின்ன முற்றம் விடு, மரம் நடு, மற்றவர்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே வாழவிடு என்பது அவர் காட்டிய வழி. நூறு ஆண்டுக்குப் பிறகும் அதைவிட நல்ல யோசனை வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அவருக்கும் முந்தைய ஒரு கதை உண்டு. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடிக்கத் தீர்மானித்தபோது, மதிலை இடித்து அகழியை மூடுகிறவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்தார். வெளி வீதிகளும், பணியில் இருந்த இருவரின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தது அப்படித்தான். நகைக்கடைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூண் அந்தக் கலெக்டரின் நினைவாக எழுப்பியது. உழைப்பவன் காலடியில் ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்ததால் ஒரு நகரம் வளர்ந்தது. ஆற்றங்கரை வீடுகளில் இன்று இல்லாதது அதுதான்: காலடியில் ஒரு பட்டா.

பட்டா இல்லாதவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பதில் அடுக்குமாடி. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஜவஹர்லால் நேரு பெயரிலான மத்திய நகர்ப்புறத் திட்டத்தில் ஒத்தக்கடையைத் தாண்டி ராஜாக்கூரில் எழுந்த குடியிருப்புகளை மதுரைக்காரர்கள் அறிவார்கள். கான்கிரீட் கூரை, கழிப்பறை, தனிச் சமையலறை. ஆற்றங்கரைச் சந்தோடு ஒப்பிட்டால் வீடு என்ற அளவில் மேலானதுதான். ஆனாலும் ஒதுக்கீடு பெற்ற பலர் குடிபோகத் தயங்கினார்கள். நெல்பேட்டையில் சுமை தூக்குபவருக்கும், கோரிப்பாளையத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் பிழைப்பு நகரத்துக்குள்தான் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு மிச்சம். நேரம் மிச்சமில்லை. அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் தாய்க்குத் தன் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டுமா பின் போட வேண்டுமா என்று யோசிக்கவா நேரம் இருக்கும்? பழைய வார்டில் இருந்த பழகிய நர்சம்மா, பழகிய மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுத் துணை எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகும். குடிபெயரும் நாளில் சாவி கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார மேசையும் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது பேராசையா?

ஊருக்கு வெளியே, வயல் பக்கம் நிலைமை வேறு. திருமங்கலத்துக்கு அருகே மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17 அன்று தமிழ்நாட்டின் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்த காலத்தை அடுத்து வந்தது அது. நூறு வீடுகள், நாற்பது ஆதிதிராவிடர்களுக்கு, ஐம்பது பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், பத்து மற்றவர்களுக்கு. யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருப்பது, யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது என்பதை மாற்றினால் ஊர் மாறும் என்ற நம்பிக்கையில் போட்ட திட்டம். குடியிருப்பை வெறும் சுவராகப் பார்க்காமல் மனிதர்கள் சேர்ந்து வாழும் முறையாகப் பார்த்ததால் அதை இங்கே சொல்கிறேன்.

இப்போது கிராமங்களில் நடப்பது கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவது இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, ஓலையோ கல்நாரோ கூடாது. அந்தக் கடைசி விதியை எழுதியவருக்கு வெயில் தெரிந்திருக்கிறது. தொகை வேலை நடக்க நடக்கத் தவணையாக வருவதால், முதல் தவணைக்கு முன்பே மேஸ்திரிக்கும் மணலுக்கும் வட்டிக்கு வாங்க வேண்டியிருப்பது வீடு கட்டுபவர்கள் சொல்லும் கஷ்டம். அதற்கும் முந்தைய கஷ்டம் பட்டா. கண்மாய்க் கரையில், வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டவருக்கு அந்த இடத்தில் பட்டா தர முடியாது. நீர்நிலையைக் காக்கும் சட்டம் சரியானதுதான். மாற்று மனை கொடுக்காத வரை, மிகவும் ஏழையானவரே திட்டத்துக்கு வெளியே நிற்பார்.

பணமே இல்லை என்ற பதிலை இனி அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை, உள்ளாட்சிகள் வழியாகவே சுகாதாரத்துக்குச் செலவிட 70,051 கோடி ரூபாயை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு நகரங்களுக்கு அறிவித்த 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் 500 மையங்கள் 2023 ஜூனில் ஒரே நாளில் திறந்தன. கட்டிடம் வந்துவிடும். அந்தக் கட்டிடத்தை யார் தங்களுடையதாக நினைத்து நடத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திருச்சிக்குப் போனால் கல்மந்தைப் பெண்களைக் கேட்கலாம். கிராமாலயா அமைப்பின் துணையோடு, மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பறையின் சாவியைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். வாசலில் ஒருவர் உட்கார்ந்து காசு வாங்குவார், குழு கணக்கு எழுதும், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும். நாறிக் கிடந்த இடம் நடமாடும் இடமானது. மாநகராட்சி செய்த பெரிய உதவி, நம்பிச் சாவியைக் கொடுத்தது.

மதுரை நகராட்சி பிறந்தது 1866 நவம்பர் 1 அன்று. மாநகராட்சி ஆனது 1971-இல். 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளையும் பல ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 72 வார்டு 100 வார்டானது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே இல்லாமல் கிடந்தது. கொரோனா வந்தபோதும் வார்டில் கதவைத் தட்டிக் கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த ஆண்டுகளை நாம் எளிதாக மறந்துவிடக் கூடாது. இப்போது நவம்பர் 1 மாநிலம் முழுவதும் உள்ளாட்சி தினம். கிராம சபை போல நகரத்திலும் பகுதி சபா 2022-இல் அந்த நாளில்தான் தொடங்கியது. மதுரை உள்ளாட்சியின் பிறந்தநாளும் அதுவே என்பது எனக்கு மகிழ்ச்சி.

அந்தப் பகுதி சபாவில் தன்னார்வலரின் நோட்டு மேசைக்கு வர வேண்டும். நோயாளியின் பெயரோ நோயின் பெயரோ வேண்டாம், அது அவரவர் ரகசியம். இந்தச் சந்தில் இத்தனை வீட்டில் ஜன்னல் இல்லை, இத்தனை டிரம்முக்கு மூடி இல்லை, இத்தனை படுக்கை நோயாளிகளுக்குக் கழிப்பறை முப்பது அடி தள்ளி இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதும். நகர்நல அலுவலர், வாழ்விட வாரியப் பொறியாளர், குடிநீர்ப் பொறியாளர், தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒருவர் என நால்வரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அப்பத்தாவுக்கு உடம்பு ஒன்றுதான். அவர் மனு மட்டும் ஏன் நாலு அலுவலகத்துக்கு நடக்க வேண்டும்?

அன்று கிளம்பும்போது தன்னார்வலரிடம், மருந்து தவிர வேறென்ன கேட்பார்கள் என்று கேட்டேன். “எல்லாந்தான் சார். ஓய்வூதியம் வரலைம்பாங்க, ரேஷன் கார்டுல பேரு விட்டுப்போச்சும்பாங்க, கூரை ஒழுகுதும்பாங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?” என்றார். நோட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். யாரும் எழுதச் சொல்லாமல் அவராகப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தார்: கதவு எண், பக்கத்தில் ‘சீட்டு’, ‘தகரம்’, ‘ஓடு’, ‘ஒழுகுது’, ‘தனியா இருக்காக’. அப்பத்தாவின் எண்ணுக்கு நேரே ‘சீட்டு, ஜன்னல் இல்ல, பானை’ என்று இருந்தது.

பையைத் தோளில் மாட்டியவர், ஏதோ நினைத்துத் திரும்பி உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் மோந்து பானை வாயிலிருந்த சாக்கை நனைத்தார்.

“மத்தியானம் நீங்க ஒருக்க நனைச்சிருங்க அப்பத்தா.”

“சரித்தா. பாத்துப் போ, வெயிலு.”